பஞ்சர் ஒட்டத் தெரிந்த பக்கம்

அம்மா புத்தகம் எழுதி முடிக்க இரண்டு வருடம் ஆனது. அதைப் பக்கம் பக்கமாக அடுக்க எந்த மென்பொருளை வாங்குவது என்று முடிவு செய்வதற்குள் வீடே இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டது.

அம்மா சைக்கிள் மெக்கானிக். வீட்டின் முன் அறைதான் கடை. கடை மூடியிருக்கும் நேரத்தில் சைக்கிள் பழுதானால் பிள்ளைகள் அழுதுகொண்டே தள்ளிப் போவதை அவர் பலமுறை பார்த்திருக்கிறார். இனி அவர்களே சரிசெய்துகொள்ளட்டும் என்றுதான், தானே படமெடுத்து, தானே எழுதினார். அச்சிடுவதும் சொந்தமாகத்தான். ஆனால் அச்சகத்துக்காரர் ரொம்பக் கறார். இன்று மாலை ஐந்து மணிக்குள் ஃபைல் வந்தால்தான் பள்ளிப் புத்தகக் கண்காட்சிக்குப் புத்தகம் தயாராகும் என்று சொல்லிவிட்டார்.

இப்போது மணி மூன்று.

கணினியில் மூன்று மென்பொருள்கள் இருந்தன. மூன்றையும் சில நாள் இலவசமாகப் பயன்படுத்திப் பார்க்கலாம். அவற்றுக்குப் பெயர் வைத்தவள் அம்மாவின் பத்து வயது மகள். அவளுக்கே ஒரு பட்டப்பெயர் உண்டு, குண்டூசி. ஆள் ஒல்லி. யார் பேசினாலும் நடுவில் புகுந்து குத்துவாள்.

முதல் மென்பொருளுக்கு அவள் வைத்த பெயர் 'மணப்பெண்'. பக்கத்துக்குப் பக்கம் பூ, கொடி, வண்ணக் கரை. இரண்டாவது 'விமானம்'. திறந்தால் நூறு பொத்தான்கள் முறைத்துப் பார்க்கும். மாமா தெரியாமல் ஒன்றை அழுத்த, எழுத்துகளின் கொம்பும் காலும் கழன்று பக்கமெங்கும் சிதறின. அன்றே அதற்குப் பெரிய கும்பிடு போட்டாயிற்று. மூன்றாவது 'சாதா'. பூவும் கிடையாது, பொத்தானும் அதிகம் கிடையாது.

மாமா அம்மாவின் தம்பி. ஓவிய ஆசிரியர். அவர் மணப்பெண் கட்சி.

"அக்கா, இதைப் பாரு! கண்ணுல ஒத்திக்கலாம்போல இருக்கு. அந்தச் சாதா என்ன, மருந்துச் சீட்டு மாதிரி!"

"மருந்துச் சீட்டுதான் புரியாது மாமா. சாதா புரியுது," என்றாள் குண்டூசி.

"மருமகளே, உனக்கு ரசனையே இல்ல."

"உங்களுக்கு அது மட்டும்தான் இருக்கு."

அம்மா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்கு மணப்பெண்ணும் பிடித்திருந்தது, சாதாவும் பிடித்திருந்தது. சண்டைதான் பிடிக்கவில்லை. நேரம் வேறு ஓடிக்கொண்டிருந்தது.

"போதும், விடுங்க. எந்தச் சட்டையைப் போட்டா என்ன, நான் எழுதினது யாருக்குப் புரியப்போகுது? புத்தகமே வேண்டாம்."

அவர் கணினியை மூடிவிட்டு ஸ்பேனரைக் கையில் எடுத்தார். குண்டூசி அவர் முன்னால் போய் நின்றாள். இரண்டு வருடமாக, வாடிக்கையாளர் வராத நேரத்திலெல்லாம் ஸ்டூலில் உட்கார்ந்து அம்மா எழுதியதை அவள் பார்த்திருக்கிறாள். அதை அப்படியே விட அவளுக்கு மனசு வரவில்லை.

"அம்மா, ஒரே ஒரு நிமிஷம். மாமா, உங்களுக்குப் பஞ்சர் ஒட்டத் தெரியுமா?"

"எனக்கா? காத்தடிக்கவே தெரியாது."

"அப்ப நீங்கதான் சரியான ஆள்!"

பஞ்சர் பாடத்தை மணப்பெண்ணில் ஒன்றும் சாதாவில் ஒன்றுமாக அச்செடுத்தாள். பிறகு ஓர் ஆணியை எடுத்துத் தன் சைக்கிள் டயரிலேயே குத்தினாள். புஸ்ஸ்ஸ்!

"அடிப்பாவி!" என்று கத்தினார் அம்மா.

"மாமா, உங்க மணப்பெண்ணைப் பார்த்து ஒட்டுங்க. நாங்க யாரும் வாயே திறக்க மாட்டோம்."

மாமா சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். "டயரின் ஓரத்தைப் படத்தில் உள்ளபடி நெம்பவும்" என்று படித்தார். படம் எங்கே? பூக்கரை இடத்தை அடைத்துக்கொண்டதால் அது அடுத்த தாளுக்குப் போயிருந்தது. புரட்டினார். கிரீஸ் கையில் தாள் ஒட்டிக்கொண்டது. திரும்பி வந்தால், எந்த வரியில் விட்டோம் என்று தெரியவில்லை. வரி எண்கள் எல்லாம் இலைகளுக்குள் ஒளிந்திருந்தன.

எப்படியோ ஓட்டையைக் கண்டுபிடித்தார். பசை தடவினார். தடவிய கையோடு ஒட்டுத் துண்டை வைத்து அழுத்தினார். அம்மாவின் உதடு துடித்தது. குண்டூசி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மாமா காற்றடித்தார். டயர் உப்பியது, யோசித்தது, மறுபடி படுத்துவிட்டது.

"பசை காயற வரைக்கும் நூறு எண்ணணும்னு எழுதியிருக்கேனே!" என்றார் அம்மா, அடக்க முடியாமல்.

"எங்கே எழுதியிருக்கே?" மாமா தேடினார். அந்த வரி ஒரு கொடிக்கும் ஒரு கிளிக்கும் நடுவில் பதுங்கியிருந்தது.

அந்த நேரம் பார்த்து வாசலில் ஒரு சிறுமி வந்து நின்றாள். எட்டு வயது இருக்கும், இரட்டைப் பின்னல். தள்ளி வந்த சைக்கிளின் பின் டயர் சப்பையாக இருந்தது.

அம்மா டயரை நெம்பும் லிவரை எடுக்கக் குனிந்தார். குண்டூசி குறுக்கே வந்தாள். "அம்மா, நீ தொடாதே!" பிறகு சிறுமியிடம் சாதா தாளை நீட்டினாள். "நீயே ஒட்டிப் பாக்கறியா? முடியலைன்னா அம்மா செஞ்சு தருவாங்க."

சிறுமி தாளைத் தரையில் விரித்தாள். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்திலேயே அதன் படம். ஒரு கையால் டயரைப் பிடித்துக்கொண்டே கீழே பார்த்தாள், நெம்பினாள், மறுபடி பார்த்தாள். டியூபைத் தண்ணீரில் முக்கினாள். குமிழி வந்த இடத்தைத் துடைத்துத் தேய்த்தாள். அம்மா இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு தவித்தார். உதவி செய்யாமல் நிற்பது அவருக்கு அவ்வளவு கஷ்டமாக இருந்தது.

"நூறு எண்ணவும்," என்று படித்த சிறுமி, "ஒண்ணு, ரெண்டு" என்று ஆரம்பித்தாள். இருபதில் குண்டூசி சேர்ந்துகொண்டாள். நாற்பதில் மாமாவும் சேர்ந்துகொண்டார்.

நூறு வந்தது. ஒட்டினாள். டயரை மாட்டிக் காற்றடித்தாள். எல்லோரும் டயரையே பார்த்தார்கள். அது கல்லு மாதிரி நின்றது.

"நானே ஒட்டிட்டேன்!" என்று குதித்தாள் சிறுமி. "ஆன்ட்டி, இந்தப் பேப்பரை எடுத்துக்கட்டுமா? எங்கண்ணன் சைக்கிளும் பஞ்சர்."

"எடுத்துக்கோ கண்ணு. அடுத்த வாரம் புத்தகமே வருது."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அம்மாவுக்கே உறைத்தது. மணியைப் பார்த்தார். நாலேகால். "அய்யோ, வழி விடுங்க!" என்று கணினிக்கு ஓடினார்.

மாமா பின்னாலேயே போனார். "நான் தோத்துட்டேன் அக்கா. அட்டையில மட்டும் ஒரே ஒரு பூ?"

"அட்டை உன்னோடது. எத்தனை பூ வேணுமோ போட்டுக்கோ."

ஐந்து மணிக்குப் பத்து நிமிடம் இருந்தபோது ஃபைல் போய்ச் சேர்ந்தது. உடனே அச்சகத்துக்காரர் கேட்டு எழுதினார்: "உங்கள் பெயருக்குக் கீழே என்ன போடட்டும்?"

அம்மா யோசிக்கவே இல்லை. கிரீஸ் விரலால் தட்டினார்: "சைக்கிள் மெக்கானிக், எழுத்தாளர்."