இரண்டு மிதி

அந்தக் கார் என் பட்டறைக்கு வந்தது ஒரு மழைக்காலக் காலையில். வெளிறிய நீலம், இருபத்தெட்டு வயது. ஓட்டி வந்தவர் ஆஸ்பத்திரி நர்ஸ். ராத்திரி டியூட்டி முடிந்து நேராக வந்திருந்தார். கண்ணைச் சுற்றிக் கருத்திருந்தது.

"நின்னா நடுங்குது அண்ணே," என்றார். "ஓடும்போது ஒண்ணுமில்ல. சிக்னல்ல, ஆஸ்பத்திரி கேட்ல, சும்மா நிக்கும்போது தூக்கித் தூக்கிப் போடுது. அப்புறம் தானா சரியாயிடுது."

"எப்பவுமா?"

"அதான் இல்லையே. மூணு மெக்கானிக் பார்த்தாச்சு. அவங்க முன்னாடி நல்ல பிள்ளையா நிக்குது. எனக்குத்தான் ஏதோ ஆயிடுச்சுங்கிற மாதிரி பார்க்கறாங்க."

"டாக்டர் வாசலுக்குப் போனதும் பல்வலி போயிடும்ல சிஸ்டர், அந்த மாதிரிதான்."

பாதி சிரித்தார். "போன வாரம் தண்டவாளத்து மேல நின்னுபோச்சு, கேட் போடற நேரத்துல. அண்ணன் காதுக்குப் போயிடுச்சு. ஞாயித்துக்கிழமைக்குள்ள சரியாகலன்னா இரும்புக் கடைக்குத் தள்ளிடுவேங்கறார். அப்பா வண்டி அண்ணே. அப்பாவோடதுன்னு எங்கிட்ட இருக்கறது இது ஒண்ணுதான்."

சாயங்காலம் வரச் சொன்னேன். சாவியை என் கையில் கொடுத்த பிறகும் அவர் விரல் அதைச் சற்று நேரம் விடவில்லை.

என் பட்டறை சந்தின் கடைசியில் இருக்கிறது. தகரக் கூரை. அதற்கு அப்பால் வழி கிடையாது. யாரும் இந்தப் பக்கமாகக் கடந்து போவதில்லை, வேலை இருப்பவர்கள்தான் வருவார்கள். மழை நாளில் அவர்களும் வருவதில்லை.

பானட்டைத் தூக்கி நிறுத்தினேன். பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன், சுத்தம். ஒயர்களும் சரி. கார்புரேட்டரைத் துடைத்து மாட்டி எஞ்சினை ஓடவிட்டேன். எஞ்சின் ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது. விட்டு விட்டு வரும் கோளாறைத் தேடிப் போக முடியாது. அது வருகிறவரை பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். உட்கார்ந்திருப்பதில் எனக்குக் கஷ்டமில்லை. மூன்று வருஷமாக அதைத்தான் செய்கிறேன்.

பானட் தூக்கியிருந்தால் உள்ளே இருப்பவர் முகம் தெரியாது. பேசினாலும் எஞ்சின் சத்தத்தில் கேட்காது. எங்கள் தொழிலில் கைதான் பேச்சு. பானட்டுக்குப் பக்கவாட்டில் கையைத் தூக்கினால் உள்ளே இருப்பவர் ஆக்சிலரேட்டரை மிதிக்க வேண்டும். இறக்கினால் விட வேண்டும். பதினாறு வருஷம் எனக்காக மிதித்தவள் என் மனைவி. மதியம் சோறு கொண்டுவருவாள், சீட்டில் உட்கார்ந்து வாரப் பத்திரிகையைப் புரட்டிக்கொண்டே மிதிப்பாள். "நான் உங்களுக்குப் பொண்டாட்டியா, ஆக்சிலரேட்டர் கம்பியா?" என்று கேட்பாள். ஆனால் அவள் மிதிக்கிற விதம் யாருக்கும் வராது. குடத்தில் தண்ணீர் நிரம்புவது போல எஞ்சின் ஏறும், நிற்கும், இறங்கும்.

அவள் இறந்துபோன பிறகு வேறு ஆள் வைக்கவில்லை. கார்புரேட்டர் ஓரத்தில் இருக்கும் பிடியை நானே விரலால் தள்ளிக்கொள்கிறேன்.

பன்னிரண்டு மணிக்கு மேல், எஞ்சின் நன்றாகச் சூடேறிய பிறகு, வந்தது.

முதலில் ஒரு விக்கல். பிறகு வண்டி முழுவதும் நடுங்கியது. பானட்டைத் தாங்கிய கம்பி கடகடவென்று அடித்தது. நான் எஞ்சின்மேல் குனிந்து காதைக் கொடுத்தேன். கவனமெல்லாம் காதில் இருந்ததால், பழைய பழக்கத்தில் இடது கை தானாக மேலே போய்விட்டது.

எஞ்சின் உறுமியது.

ஒரு தடவை. இன்னொரு தடவை. பிறகு அடங்கியது.

என் கை இன்னும் மேலேதான் இருந்தது. கண்ணெதிரே கார்புரேட்டர் பிடி, கம்பி இழுத்து, இரண்டு முறை அசைந்ததைப் பார்த்தேன். அந்தக் கம்பியின் மறுமுனை உள்ளே மிதியில் இருக்கிறது. மிதித்தால் ஒழிய அது அசையாது.

மெதுவாகச் சுற்றிக்கொண்டு கதவருகே போனேன்.

சீட்டில் யாரும் இல்லை.

தைல வாசம் அடித்தது. தலைவலிக்குத் தேய்க்கிற தைலம். காலையில் அந்த வாசம் இல்லை.

எனக்குப் பயம் வந்திருக்க வேண்டும். வந்தது வேறு. திரும்பி வந்து, நின்ற இடத்திலேயே நின்று, அவள் பெயரைச் சொல்லிக் கையைத் தூக்கினேன்.

உறுமல். உறுமல்.

வெடுக்கென்று இரண்டு. ஏறவில்லை, நிற்கவில்லை, நிரம்பவில்லை. தொழிலறியாத கால், கனமான கால்.

அவள் இல்லை.

"யாரு?" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. தகரத்தின் மேல் மழை மட்டும் பெய்தது.

சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. வேறு யாரோ என்று தெரிந்த பிறகு நான் ஓடியிருக்க வேண்டும், அல்லது சாவியைத் திருகி நிறுத்தியிருக்க வேண்டும். நான் மறுபடியும் கையைத் தூக்கினேன். மறுபடியும். இரண்டு மணி ஆகும்வரை தூக்கிக்கொண்டே இருந்தேன். ஒரு தடவைகூடப் பதில் வராமல் இல்லை. மூன்று வருஷத்தில் நான் கேட்டதற்கு யாரும் இத்தனை பதில் சொன்னதில்லை.

அதற்குப் பிறகுதான் வேலை ஞாபகம் வந்தது. நடுங்கும் நேரம் பார்த்து, எஞ்சினுக்குப் போகும் காற்றுக் குழாய்களில் ஒவ்வொன்றாகத் தண்ணீர் தெளித்தேன். பின்பக்கச் சின்னக் குழாயில் பட்டதும் சத்தம் மாறியது. அடிப்பக்கம் முடி அளவு வெடிப்பு. ரப்பர் சூடாகி இளகினால் வாய் திறக்கும், காற்றை உறிஞ்சும், வண்டி நடுங்கும். ஆறினால் மூடிக்கொள்ளும். மூன்று மெக்கானிக் கண்ணில் படாததற்கு அதுதான் காரணம்.

புதுக் குழாய் மாட்டினேன். ஒரு மணி நேரம் ஓடியும் எஞ்சின்மேல் வைத்த டம்ளரில் தண்ணீர் நலுங்கவில்லை. நடுக்கம் போய்விட்டது.

கையைத் தூக்கினேன்.

இரண்டு உறுமல். டம்ளர் கவிழ்ந்தது.

சாயங்காலம் நர்ஸ் வந்தார். வெடித்த குழாயை உள்ளங்கையில் வைத்துக் காட்டினேன்.

"இவ்வளவுதானா? இதுக்கா என் உயிரை எடுத்துச்சு?" என்றார். அதையே பார்த்துக்கொண்டிருந்தவர், "நான் வேற என்னமோ நெனச்சுட்டேன் அண்ணே," என்றார்.

"என்ன நெனச்சீங்க?"

குழாயிலிருந்து கண்ணை எடுத்து வண்டியைப் பார்த்தார்.

"என்னைக் கூட்டிட்டுப் போக அப்பா தெனம் ஆஸ்பத்திரி கேட்டுக்கு எதிர்ல நிப்பாரு, எஞ்சினை ஆஃப் பண்ணாம. நான் வெளிய வந்து கையைத் தூக்குவேன். ரெண்டு தடவை உறுமுவாரு. பார்த்துட்டேன், வான்னு அர்த்தம். அன்னிக்கு ஒரு கேஸ், ரெண்டு மணி நேரம் லேட்டாயிடுச்சு. வந்து கையைத் தூக்கறேன், சத்தத்தையே காணோம். வண்டி ஓடிட்டுதான் இருந்துச்சு. கிட்டப் போய்ப் பார்த்தா, தைல டப்பா மடியில திறந்து கிடக்கு. அவரு உயிரோட இல்ல."

தைலம்.

"ஸ்டார்ட் பண்ணுங்கண்ணே," என்றார். நான் எஞ்சினை ஓடவிட்டு இறங்கி நின்றேன். அவர் பட்டறை வாசல்வரை நடந்து போய்த் திரும்பினார். சின்னப் பெண் போலக் கையை உயரத் தூக்கினார்.

எஞ்சின் ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது.

அவர் கையை இறக்கவில்லை. மழை அந்தக் கையில் விழுந்து முழங்கை வழியாகச் சொட்டியது. நான் வண்டியைப் பார்த்தேன். உறுமு, ஒரே ஒரு தடவை உறுமு என்று மனத்துக்குள் கெஞ்சினேன்.

ஒன்றுமில்லை.

"நல்லா ரிப்பேர் பண்ணிட்டீங்க," என்றார்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். அவருக்குக் கதவைத் திறந்துவிட்டேன். அந்த வெளிறிய நீலம் சந்து முனையில் திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். திரும்பி உள்ளே வந்தபோது காலிப் பட்டறையில் அந்த வாசம் இருந்தது. கை துடைத்த கந்தலில் ஒட்டியிருக்கும் என்று சொல்லிக்கொண்டேன்.

நான்காம் நாள் மதியம் போன் செய்தார். நான் வேறொரு வண்டியின் முன்னால் நின்றுகொண்டிருந்தேன். அதன் எஞ்சினைக் கழற்றிப் பிரித்துத் தரையில் பரப்பியிருந்தேன். பாட்டரி மேஜைமேல் இருந்தது.

"வண்டி தங்கமா ஓடுது அண்ணே. அண்ணன்கூட வாயை மூடிட்டாரு."

"சந்தோஷம் சிஸ்டர்."

"ஆனா... இத்தனை நாளா ராத்திரியில தனியா வர்றோம்னு எனக்குத் தோணினதே இல்ல. இப்பத் தோணுது. பைத்தியக்காரி மாதிரி பேசறேன், இல்ல?"

நெற்றியில் வியர்வை. துடைக்க இடது கையைத் தூக்கினேன்.

எதிரே, எஞ்சின் இல்லாத அந்த வண்டிக்குள், மிதி தரையில் இடித்தது.

டக்.

டக்.

"அண்ணே? லைன்ல இருக்கீங்களா? யாராச்சும் கூட இருக்காங்களா அங்க?"

"யாரும் இல்லம்மா," என்றேன்.

கையை இறக்க எனக்கு மனம் வரவில்லை.