இருபது நிமிட இருட்டு

செவ்வாய்க் கோளில், கண்ணாடிக் கூரைக்கு அடியில் இருக்கும் தாழையூரில் மாலை ஆறு மணியானால் விளக்கெல்லாம் அணைந்துவிடும். கொசுக்களுக்குக் கல்யாண நேரம். நாலாயிரம் பேரும் இருபது நிமிடம் சுவரைத் தடவிக்கொண்டு நடப்பார்கள். யாரும் இதைப் பெரிதாகப் பேசுவதில்லை.

ஏற்பாடு செய்தவர் கொசுக் கலப்புமண அலுவலர் திருமேனி. பூமியிலிருந்து தென்னங்கன்றுகளோடு ஒட்டிக்கொண்டு வந்த மலேரியாக் கொசுக்களில் இரண்டு இனம். லென்ஸ் வைத்துப் பார்த்தாலும் வித்தியாசம் தெரியாது. ஆனால் அதுகளுக்குத் தெரியும். அந்தியில் ஓர் இனம் வெறுந்தரைக்கு மேலே கூட்டம் கூடும். இன்னோர் இனம் தரையில் கறுப்பாக எதையாவது கண்டால் அதன் மேலே கூடும். இறக்கை ரீங்காரத்தைக் கேட்டே நம்ம ஆளா, இல்லையா என்று முடிவு செய்துவிடும். ஜாதகம் பார்க்காததுதான் பாக்கி.

முதல் இனத்துக்குக் காய்ச்சல்தடை மரபணுவை ஏற்றியாயிற்று. இரண்டாவது இனமோ கூண்டில் வளரவே மறுத்தது. கலப்புமணம் நடந்தால்தான் மரபணு அந்தப் பக்கம் போகும். அதனால்தான் தரை தெரியாதபடி இருட்டு. இரண்டு ரீங்காரத்தையும் ஒன்றாகக் குழைத்து ஒலிபரப்பத் 'தரகன்' என்றோர் இயந்திரன். திருமேனிக்கு இது வெறும் உத்தியோகம் இல்லை. மகள் பூங்கோதைக்கு அந்த வருஷம் மூன்று முறை காய்ச்சல் வந்துவிட்டது. மூன்றாவது முறை ஈரத்துணி மாற்றும்போது அவர் அழுதே விட்டார்.

முப்பதாவது நாள் தரகன் வந்து நின்றது.

"ஐயா, கலப்புக் கொசுப்புழு பதினேழு கெடச்சிருக்கு. இன்னும் பத்து நாள் இருட்டு குடுத்தா காய்ச்சலே இருக்காது."

திருமேனி சர்க்கரைப் பொங்கல் வைத்தார். ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுப் பூங்கோதை மெதுவாக ஆரம்பித்தாள்.

"அப்பா, எனக்கு ஒருத்தரைப் பிடிச்சிருக்கு. பேரு மாசிலன். நாற்றங்கால்ல வேலை பாக்கறாரு."

"எந்தக் கதவு?"

"கிழக்கு."

திருமேனி கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

நூற்றறுபது வருஷத்துக்கு முன் முதல் கப்பல் வந்தபோது பாதிப் பேர் கிழக்குக் கதவு வழியாகவும் மீதிப் பேர் மேற்குக் கதவு வழியாகவும் இறங்கினார்கள். ஒரே கப்பல், ஒரே பாஷை. மேற்குக் கதவுக்காரர்கள் ரசத்தை உறிஞ்சிக் குடிப்பார்கள், கிழக்குக் கதவுக்காரர்கள் சத்தமில்லாமல் குடிப்பார்கள், அவ்வளவுதான். ஆனாலும் கதவு மாறிப் பெண் கொடுத்ததில்லை, எடுத்ததில்லை.

"அவனை எங்க பார்த்த?"

"இருட்டுலதான். ரெண்டாம் நாள் மோதிக்கிட்டோம். நீங்க அணைச்ச விளக்குதாம்ப்பா."

"கொசுவுக்கு மானம் கிடையாதும்மா. நமக்கு இருக்கு."

மறுநாள் இருட்டு தொடங்கிய ஐந்தாவது நிமிடம், நடுக்கூடத்துக்கு மேலே இருந்த கட்டுப்பாட்டு அறைக்குள் திருமேனி தட்டுத்தடுமாறி நுழைந்தார்.

"விளக்கைப் போடு."

"போட்டா கொசுங்க பிரிஞ்சிடும். காய்ச்சல் போகாதுங்க," என்றது தரகன்.

"இருந்துட்டுப் போகட்டும். போடு."

வெளிச்சம் பளீரென்று கொட்டியது. கீழே பூங்கோதை மாசிலனின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தண்ணீர்த் தொட்டியோரம் இன்னும் ஏழெட்டு ஜோடி. மேற்குக் கதவுச் சங்கத் தலைவர் வேங்கடசாமி, கிழக்குக் கதவு ஆசிரியை ரெஜினாவுக்கு முறுக்கு ஊட்டிக்கொண்டிருந்தார். எல்லோரும் எல்லோரையும் பார்த்தார்கள். பிறகு எல்லோரும் திருமேனியின் மகளைப் பார்த்தார்கள்.

திருமேனி தரகன் பக்கம் திரும்பினார்.

"அணை, அணை. நாலு பேர் பாக்கறாங்க."

கீழேயிருந்து வேங்கடசாமியின் குரலும் வந்தது. "யாருப்பா அது, விளக்கை அணைங்க."

அதற்குப் பிறகு யாரும் இருட்டுக்குக் குறுக்கே நிற்கவில்லை. சங்கமே கேட்டுக்கொண்டதால் இருபது நிமிடம் ஒரு மணி நேரமாயிற்று. காய்ச்சல் ஒழிந்தது.

பூங்கோதையின் கல்யாணமும் மானத்துக்குப் பங்கமில்லாமல் இருட்டிலேயே நடந்தது. இரண்டு கதவுக்காரர்களும் தடவித் தடவிக் கிடைத்த இலையில் உட்கார்ந்தார்கள். ரசம் வந்தது. சில இலைகளில் உறிஞ்சும் சத்தம் எழுந்தது. கொஞ்ச நேரம் இருட்டுக்குள் ஒரே சலசலப்பு. விளக்கு வந்தபோது மேற்குக் கதவுக்காரர்கள் ஒரு வரிசையிலும் கிழக்குக் கதவுக்காரர்கள் எதிர்வரிசையிலும் உட்கார்ந்திருந்தார்கள்.

மாசிலன் மட்டும் மாமனாருக்குப் பக்கத்தில். பூங்கோதை ஒரு வாரமாகப் பழக்கியிருந்தபடி, கூடமே திரும்பிப் பார்க்கும் அளவுக்கு ரசத்தை உறிஞ்சினான். திருமேனியின் முகம் மலர்ந்தது.

"நம்ம பையன்தான்," என்றார்.