இரண்டாவது ஹெல்மெட்

அந்த ஊரைப் பார்த்ததுமே ஆடிட்டருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முதுகில் மூட்டையோடு மலையைச் சுற்றிப் பார்க்க வந்து இறங்கியவர்கள் காபிக் கடை வாசலில் காலை நீட்டிக்கொண்டு, வந்த வேலையே அதுதான் என்பதுபோல் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"உருப்படாத கூட்டம்" என்று முணுமுணுத்தார்.

அவர் கணக்குப்படி உலகத்தில் உருப்படியான ஆள் ஒருவர்தான். அவரைத் தினமும் சவரம் செய்யும்போது கண்ணாடியில் பார்ப்பார்.

மனைவி இதையெல்லாம் சகித்துச் சகித்து அலுத்துப்போனவள். "யாரையும் இளக்காரமா பேசாம, என்னை பைக்ல பின்னாடி உட்கார வச்சு ஒரே ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போங்க. அது கூட முடியாதுன்னா, நான் எங்க அண்ணன் வீட்டோட போயிடறேன்" என்று சொல்லித்தான் வந்திருந்தாள். அவள் விளையாட்டுக்குச் சொல்கிறவள் இல்லை. அவளை இழந்துவிடுவோமோ என்று அவருக்கு நிஜமாகவே பயம். லாட்ஜில் அவள் குளித்துக் கிளம்புவதற்குள் மலைப்பாதையைப் பார்த்துவைத்து வரலாமென்று வாடகைக்கு பைக் எடுக்கப் போனார்.

கடைக்கார அம்மா இரண்டு ஹெல்மெட்களை நீட்டினாள்.

"எனக்கு என்ன ரெண்டு தலையா?"

"ஒண்ணு பின்சீட்டுக்குங்க. ஆள் இல்லாட்டியும் மாட்டிட்டுப் போங்க. ரெண்டும் திரும்பி வரணும்."

"நல்ல வியாபாரம்மா!" என்று ஏளனமாகச் சிரித்துவிட்டு, ஒன்றைத் தலையில் போட்டு, மற்றதை பைக்கின் பக்கவாட்டுக் கொக்கியில் மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

ஊர் முடிந்ததும் மேடு. பைக் முக்கியது. 'வண்டியா இது, எருமை' என்று திட்டிக்கொண்டே போனார். வளைவில் ஒரு நாய் குறுக்கே வர, பிரேக்கை அழுத்தினார்.

டொக்.

அவர் ஹெல்மெட்டின் பின்பக்கம் எதுவோ இடித்தது. பைக் ஓட்டுகிற எவருக்கும் தெரிந்த இடிதான் அது. சடாரென்று பிரேக் போட்டால் பின்னால் இருப்பவரின் ஹெல்மெட் வந்து இடிக்குமே, அது.

ஆனால் பின்னால் யாரும் இல்லை.

இறங்கிப் பார்த்தார். ஹெல்மெட் கொக்கியில்தான் தொங்கியது. அதன் வார் தாடைக்குக் கீழே மாட்டுவதுபோல் பூட்டியிருந்தது. உள்ளே கையை விட்டார். வெதுவெதுப்பு. வியர்வை ஈரம்.

"சீ! எவனோ போட்டுக் கழட்டினதைத் துடைக்காம குடுத்திருக்கா, மானங்கெட்டவ."

அருவருப்போடு அதைப் பள்ளத்தில் வீசிவிட்டுப் புறப்பட்டார். பைக் முன்பைவிட முக்கியது. சேற்றில் ஊறிய துணியின் வாடை அவரை விடாமல் வந்தது.

அடுத்த வளைவில் பிரேக் பிடித்தார்.

இந்த முறை டொக் இல்லை.

மெத்தென்று ஒன்று அவர் பிடரியில் பதிந்தது. தோல். எலும்பு. ஈர மயிர். ஹெல்மெட் இல்லாத வெறும் நெற்றி.

அது அங்கேயே சாய்ந்திருந்தது.

எப்படித் திருப்பினார், எப்படி இறங்கினார் என்று அவருக்கே தெரியாது. லாட்ஜ் வாசலில் மனைவி புதுச் சுடிதாரில் நின்றிருந்தாள். வெகுநாளைக்குப் பிறகு முகத்தில் ஒரு சிரிப்பு.

"போலாமா?" என்று சீட்டில் கை வைத்தாள்.

"ஏறாத!" என்று அலறினார். "இடமில்ல!"

அவள் காலியாகக் கிடந்த நீளமான சீட்டைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள்.

"எனக்கு மட்டும் இடமில்ல. அப்படித்தானே?"

"ஐயோ, அப்படி இல்லடி. பின்னாடி யாரோ..."

"யாரு? இன்னிக்கு யாரைக் குறை சொல்லப் போறீங்க?" நிஜமாகப் பயந்த அன்றைக்கு அவரை நம்ப ஒரு ஆள் இல்லை. அவள் உள்ளே போய்ப் பெட்டியைக் கட்டினாள்.

கடையில் சாவியை நீட்டினார். அந்த அம்மா கொக்கியைப் பார்த்தாள். "இன்னொண்ணு?"

"தூக்கிப் போட்டுட்டேன்."

அவள் திட்டவில்லை. சாவியை மட்டும் வாங்கிக்கொண்டு, அவர் தோளுக்குப் பின்னால் ஒரு முறை பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டாள்.

"வண்டியாவது திரும்பி வந்துடுச்சுங்க" என்றாள் மெதுவாக. "நீங்க பார்த்துப் போங்க, ரெண்டு பேரும்."

மனைவி அண்ணன் ஊருக்குப் போய்விட்டாள். ஆடிட்டர் தனியாக பஸ் ஏறினார். பின்னால் ஆளே உட்கார முடியாதபடி கடைசி வரிசையில், தகரச் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தார். கொஞ்சம் மூச்சு வந்தது.

ஊர் எல்லையில் டிரைவர் பிரேக் போட்டார்.

எல்லாரும் முன்னால் குலுங்கி நிமிர்ந்தார்கள். ஆடிட்டரின் பிடரியில், தகரத்துக்கும் அவருக்கும் நடுவே, ஈரமாக, மெத்தென்று ஒன்று வந்து சாய்ந்தது.