தோளில் ஒரு வாடை

டெலிபோன் அலறியது!

அரிண்டா காலுறைக்குள் பேண்ட்டைச் செருகிக்கொண்டிருந்தான். ஒரு கால் முடிந்திருந்தது. மறு கால் பாக்கி.

புஹோமா என்ற காட்டோர ஊரில், கொரில்லா பார்க்க வருகிறவர்களைக் காட்டுக்கு அனுப்பிவைக்கும் சின்னக் கம்பெனி ஒன்றின் ஒரே ஊழியன் அவன். வாடிக்கையாளர்களுக்குச் சொல்வதையெல்லாம் முதலில் தன் மேல் சோதித்துப் பார்ப்பான். எறும்பு ஏறாமலிருக்க நீளக் காலுறை... காஞ்சொறி அரிக்காமலிருக்கத் தோட்டக்காரக் கையுறை...

காட்டுக்குள் மட்டும் அவன் போனதில்லை.

பயம்!

"ஹலோ..."

"துஷாபே பேசறேன்டா." காட்டிலாகா ரேஞ்சரம்மாவின் குரல் கரகரத்தது. "கருஹங்கா செத்துட்டான்."

கையுறை கீழே விழுந்தது.

கருஹங்கா கொரில்லாக்களின் தடம் பார்க்கிறவன். அரிண்டாவின் குன்றுக் கிராமத்தையே சேர்ந்தவன்.

"எப்படி மேடம்?"

"பின்மண்டையில வெட்டு. அவன் காவல் காத்த கூட்டத்துல ரெண்டு வயசுக் குட்டி ஒண்ணைக் காணோம்."

"ஐயோ... உசுரோட இருக்குமா?"

"உசுரோட வித்தாத்தான் அவனுங்களுக்குக் காசு. ஆனா தாய்கிட்ட பால் குடிக்கிற குட்டி. நாளையைத் தாண்டினா பிழைக்கறது சந்தேகம்தான்."

"இந்நேரம் வெளிய கடத்தியிருந்தா?"

"முடியாது. எல்லா வழியிலயும் ஆள் போட்டுப் பையைப் பிரிச்சுப் பார்க்கறோம். குட்டி உள்ளதான் இருக்கு. அதை எடுக்க நாளைக்கு ஒரு ஆள் உள்ள வர்றதாத் துப்பு. அதுவும்..."

"அதுவும்?"

"உன் கூட்டத்துல!"

அரிண்டா விழுந்த கையுறையை எடுக்கக் குனிந்தான்.

"நீயும் நாளைக்குப் பயணி மாதிரி உள்ள போறே. யாருன்னு கண்டுபிடிக்கிறே."

"நானா? போலீஸை அனுப்பலாமே மேடம்..."

"போலீஸ்காரனோட பூட்ஸைப் பார்த்தாலே தெரிஞ்சுடும். உன்னைப் பார்த்தா எவனுக்கும் எந்தச் சந்தேகமும் வராது."

பாராட்டா... வசவா... அவன் யோசித்து முடிப்பதற்குள் லைன் அறுந்தது.

பிற்பகல். விடுதி வராந்தா.

மறுநாள் காட்டுக்குப் போகிறவர்களின் சாமான்களைச் சரிபார்ப்பது அரிண்டாவின் வழக்கம். இன்று அவன் கண்ணில் துப்பறிவாளனின் தீவிரம்! குறைந்தபட்சம் அவன் அப்படி நம்பினான்.

வயதான ஜெர்மன் தம்பதி. பையில் மருந்துதான் பாதி. சந்தேகமில்லை.

அடுத்து நாமுதெபி. மசாகாவில் டீச்சர். தீக்குச்சி உடம்பு, கைக்குட்டை அளவில் ஒரு பை. மழைக்கோட்டு, கையுறை, தண்ணீர். கச்சிதம்!

"டீச்சர், நீங்கதான் நான் சொன்னபடியே செஞ்சிருக்கீங்க."

"பயந்தாங்கொள்ளி சார் நான். கால் உடைஞ்சா எப்படிக் கொண்டு வருவாங்கன்னுகூடப் போன்ல கேட்டேனே!"

"அதான் சொன்னேனே... டோலி! ஊரே தோள் குடுக்கும். வழியில பார்க்கிற எவனும் விலக மாட்டான், மாத்தி மாத்திச் சுமப்பான். போலீஸ்காரன்கூடத் தொப்பியை எடுத்துட்டு வழி விடுவான்!"

சொல்லும்போதே அவனுக்கு மார்பு விம்மியது. இருமல் வந்ததால் நிறுத்திக்கொண்டான்.

கடைசியில் லுபேகா.

கம்பாலாவில் இரும்புக்கடை வைத்திருப்பவர். அவர் பையில் ஒரு கன்றுக்குட்டியையே அடைக்கலாம். அரிண்டா திறந்தான்.

கயிறு! கத்தி! பால் பவுடர் டப்பாக்கள்!

"இ... இதெல்லாம் எதுக்கு சார்?"

"தேவைப்படும்யா." லுபேகா குரலைத் தாழ்த்தினார். "காங்கோ எல்லை இங்கேர்ந்து ரொம்பப் பக்கமாமே?"

அரிண்டாவின் முதுகுத்தண்டில் ஐஸ் கட்டி ஓடியது!

அப்போது தெருவில் காலி டோலியோடு ஆட்கள் வந்தார்கள். கருஹங்காவின் உடலை அவன் வீட்டில் சேர்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். டோலிச் சங்கத் தலைவர் பகாம்பே நின்று இவனை முறைத்தார்.

"குன்றுல இருக்கிற அத்தனை ஆம்பிளையும் கருஹங்காவுக்குத் தோள் குடுத்தான். நீ எங்கடா இருந்தே?"

"வேலை அண்ணே..."

"கையில என்ன?"

அரிண்டா பார்த்தான். ஜெர்மன்காரியின் காலுறை!

"நாளைக்கு நீ செத்தா இதுலயே கட்டி இழுத்துட்டுப் போறோம்!"

அந்த வார்த்தை அவனுக்குள் முள்ளாகத் தைத்தது. இனி எந்த டோலி வந்தாலும் முதல் தோள் தன்னுடையதுதான் என்று முடிவு கட்டினான்.

அன்று மாலை தன் மழைக்கோட்டை ஒழுங்காகச் சோதிக்க நினைத்தான். போட்டுக்கொண்டு தண்ணீர்த் தொட்டிக் குழாயின் கீழ் நின்றான்.

கோட்டு ஒழுகியது. அதை உறுதிப்படுத்திக்கொள்ள இன்னும் கொஞ்ச நேரம் நின்றான்.

காலை. காட்டு வாசல்.

துஷாபே கூட்டத்தின் முன் நின்றாள்.

"யாருக்காவது இருமல், ஜலதோஷம் இருக்கா? மறைக்காதீங்க. நம்ம சளி கொரில்லாவுக்குத் தொத்தினா கூட்டத்தோட போயிடும். அப்படிப்பட்டவங்க உள்ள வரக்கூடாது!"

அரிண்டா மூச்சை அடக்கினான். முகம் சிவந்தது... கண் பிதுங்கியது...

"ஹ... ஹச்ச்ச்!"

பறவைகள் பறந்தன.

துஷாபே அவனைத் தனியே இழுத்துப் போனாள். பல்லைக் கடித்தாள்.

"ஏன்டா... இன்னைக்குத்தானா?"

"கோட்டு ஒழுகுதான்னு பார்த்தேன் மேடம்."

"ஒழுகுச்சா?"

"ஒழுகுச்சு."

"சட்டம் சட்டம்தான். நீ சொன்ன அந்த லுபேகா பின்னாடி நானே போறேன். நீ இந்தத் தடுப்புக் கட்டைகிட்ட உட்காரு. எவன் வெளிய வந்தாலும் பையைப் பிரிச்சுப் பாரு. அதுவாவது முடியுமா?"

"முடியும் மேடம்!"

கூட்டம் காட்டுக்குள் மறைந்தது. ஆளுக்கொரு கூலி சுமைதூக்க.

கொஞ்ச நேரத்தில் வாக்கிடாக்கி கரகரத்தது. நாமுதெபி டீச்சருக்குக் கால் பிசகிவிட்டது! அவளும் அவளுடைய கூலியும் வழியிலேயே தங்கிவிட்டார்கள். மற்றவர்கள் மேலே போய்விட்டார்கள். டோலி வேண்டும்!

பகாம்பேயின் ஆட்கள் டோலியோடு மலையேறினார்கள். இறங்கியபோது டோலியில் போர்வைக்குள் சுருண்டு டீச்சர் முனகினாள். பக்கத்தில் அவளுடைய கூலி.

"கட்டையைத் தூக்குடா!"

"ஒரு நிமிஷம் அண்ணே. பையைப் பார்க்கணும். சட்டம்!"

கைக்குட்டைப் பையைத் தலைகீழாகக் கொட்டினான். தையலைக்கூடத் தடவினான். ஒன்றுமில்லை. திருப்தியோடு கட்டையைத் தூக்கினான்.

தூக்கிய கையோடு ஓடிப்போய்த் தோளைக் கொடுத்தான்!

பகாம்பே புருவம் உயர்த்தினார். "பரவாயில்லையே! சூரியன் எந்தப் பக்கம் உதிச்சுது?"

ஆஸ்பத்திரிக்கு இறக்கம். எல்லோருக்கும் மூச்சு வாங்கியது.

"குச்சி மாதிரி இருக்கா... என்ன கனம் கனக்கறா!" என்றான் ஒருவன்.

"என் பக்கம் நான் சரியாத் தூக்கலை போல. பழக்கமில்லைண்ணே..." என்றான் அரிண்டா.

"அது கிடக்கட்டும். எவன்டா இப்படி நாறுறான்? நனைஞ்ச நாய் மாதிரி!"

அரிண்டாவின் மூக்கு இரண்டு பக்கமும் அடைத்திருந்தது. ஜலதோஷத்துக்குப் பயந்து இன்று அவன் குளிக்கவில்லை.

"நான்தாண்ணே. மன்னிச்சுக்கங்க."

டோலிக்குள்ளிருந்து குறட்டைச் சத்தம் வந்தது.

"தண்ணி..." என்றாள் டீச்சர்.

குறட்டை நிற்கவில்லை. தன் மூக்கின் சத்தமாக இருக்கும் என்று அரிண்டா வெட்கப்பட்டு வாயால் மூச்சு விட்டான். தோளில் ஏதோ சூடாகச் சொட்டியது.

வியர்வை. எவ்வளவு உழைத்திருக்கிறோம்!

ஆஸ்பத்திரி வாசலில் டோலியை இறக்கிவிட்டு அவன் காட்டு வாசலுக்குத் திரும்பி ஓடினான். லுபேகா வரும் நேரம்!

வந்தார். பெருமூச்சோடு. பெரிய பையோடு.

"நில்லுங்க!" அரிண்டா பாய்ந்தான். "பையைத் திறங்க! குட்டி எங்கே?"

"என்ன குட்டி? எனக்குக் கல்யாணமே ஆகலையே!"

பை கொட்டப்பட்டது. கயிறு... கத்தி... பால் பவுடர்... அழுக்குச் சட்டை.

துஷாபே கேட்டாள். "கயிறு எதுக்கு?"

"பை ஜிப்பு அறுந்துபோச்சும்மா. கட்டறதுக்கு."

"கத்தி?"

"அன்னாசி வெட்ட."

"பால் பவுடர்?"

"காட்டுல டீ கிடைக்காதுன்னாங்க."

"காங்கோ எல்லையைக் கேட்டியாமே?"

"காங்கோ டவர் வந்து என் போன் காசை முழுங்குதும்மா! எங்க போய் நின்னா நம்ம டவர் வரும்னு கேட்டேன். இந்தத் தம்பி பதில் சொல்லாம நடுங்கிட்டு நின்னுச்சு."

அரிண்டா தலையைத் தொங்கவிட்டான். துஷாபே திட்டுவதற்காக அவனை நெருங்கினாள்.

சட்டென்று நின்றாள்.

மூக்கைச் சுளித்தாள். அவன் தோளைப் பிடித்து முகர்ந்தாள்.

"தெரியும் மேடம்... குளிக்கலை."

"நீ காட்டுக்குள்ள போனியா?"

"நீங்கதானே விடலை!"

"அப்புறம் எப்படிடா உன் தோள்ல கொரில்லா மூத்திரம்?"

அரிண்டாவின் மூளையில் டமால் டமாலென்று கதவுகள் திறந்தன!

கனம்... நாற்றம்... குறட்டை... சொட்டு!

"மேடம்... டோலி! போர்வைக்குள்ள! நான்தான்... நானே கட்டையைத் தூக்கி... நானே தோள் குடுத்து... ஐயோ, போன்லயே வழியும் சொல்லிக் குடுத்தேனே!"

பைக் பறந்தது!

ஆஸ்பத்திரியின் பின்வாசல். ஒரு வேன் கதவு திறந்தபடி நின்றது. டிரைவரைக் காணோம்.

வேறு வண்டியில் தப்பிவிட்டார்கள், எல்லாம் முடிந்துவிட்டது என்று அரிண்டா தலையில் அடித்துக்கொண்டான்.

"மெதுவாப் புடிங்கடா, நோயாளிடா!" முன்வாசலில் பகாம்பேயின் குரல்.

ஓடினார்கள்.

மரத்தடியில் டோலி. அதில் கயிற்றால் வரிந்து கட்டப்பட்டிருந்தாள் நாமுதெபி. பக்கத்தில் அவளுடைய கூலியின் மேல் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

"அண்ணே... நீங்க இன்னும் போகலையா?"

"தூக்கிட்டு வந்தவங்க திரும்ப விடுதியில கொண்டு விடாம எப்படிடா போறது? நீதான் பாதியில ஓடினே!" பகாம்பே சீறினார். "கட்டு போடறதுக்குள்ள இவ எழுந்து பின்வாசல்ல ஓடறா. வலியில புத்தி கலங்கிடுச்சு போலன்னு புடிச்சுக் கட்டினோம். அதைப் பார்த்து வேன்காரன் ஓடிட்டான். இவ மார்ல கட்டியிருந்த மூட்டை கையை நீட்டி என் தாடியைப் புடிச்சிடுச்சு!"

அவர் மடியில் போர்வைக்குள்ளிருந்து இரண்டு கறுப்புக் கண்கள், தூக்க மருந்தின் கலக்கத்தோடு.

குட்டி! உயிரோடு!

துஷாபே அந்தக் கூலியின் இடுப்பிலிருந்து ஒரு அரிவாளை உருவினாள். பிடியில் கருஹங்கா தானே செதுக்கிய தன் பெயர். கூலி கண்ணை மூடிக்கொண்டான்.

"என்னை விடுங்க!" நாமுதெபி கத்தினாள். "எனக்குக் கால் நல்லாத்தான் இருக்கு!"

"எல்லா நோயாளியும் அப்படித்தான் சொல்வாங்க" என்றார் பகாம்பே.

அரிண்டா கண்ணீரோடு குட்டியிடம் போனான். அது அவனை நோக்கிச் சின்னக் கையை நீட்டியது...

"தள்ளி நில்லுடா! ஜலதோஷம்!" துஷாபே அலறினாள்.

அவன் துள்ளிப் பின்வாங்கினான். கண்டுபிடித்தவன் அவன். அதைத் தொட முடியாதவனும் அவன் ஒருவனே!

"அப்ப நான் என்ன செய்யறது மேடம்?"

"போலீஸ் ஸ்டேஷன் வரைக்கும் டோலிக்குத் தோள் குடு. அவ முகத்துக்கிட்டயே நடந்து போ."

"அவளுக்குத் தொத்திக்காதா?"

"நல்லா மூக்கைத் திறந்து தும்முடா தம்பி... அவ என்ன, அழிஞ்சு வர்ற இனமா?"