நாலாவது இறகு

காலை 10.20. பறவை பார்ப்போர் சங்கச் சுவரில் ஒட்டியிருந்த வரைவுப் பட்டியலைப் பார்த்து நர்ஸ் அப்படியே நின்றுவிட்டாள்.

வழி தவறி வந்த ஓர் உள்ளான் பறவை. வட்டாரத்தின் முதல் பதிவு. கண்டவர்: பேராசிரியர், பத்தாம் தேதி. அவள் பெயர் கீழே, வெறும் இரண்டாவது சாட்சியாக, பன்னிரண்டாம் தேதி.

"அக்கா, முதல்ல பார்த்தது நான்! சரிதானான்னு கேக்க அவருக்குத்தான் போன் பண்ணேன்."

"போன் பண்ணதுக்கு அத்தாட்சி எங்க?" என்றார் பட்டியல் செயலாளர் எரிச்சலாக.

போலீஸ் கைரேகைப் பிரிவில் முப்பது வருஷம் இருந்த அம்மாள் அவர். எரிச்சல் அவள்மேல் இல்லை. ஒற்றைச் சாட்சி என்று அவளுடைய இரண்டு பதிவுகளைக் குழு முன்பே தள்ளுபடி செய்திருந்தது. இரண்டும் நிஜமென்று இவருக்குத் தெரியும். இரண்டு சாட்சி வேண்டும் என்ற விதி கையைக் கட்டிப் போட்டிருந்தது.

படங்களை லென்ஸ் வைத்துப் பார்த்தார். நர்ஸின் பறவை இறக்கை விரித்திருந்தது. இடப்பக்கம் நாலாவது இறகு பாதி நீளம்தான், புதிதாக முளைத்துக்கொண்டிருந்தது. பேராசிரியரின் படத்தில் இறக்கை முழுசு.

10.45. பேராசிரியர் வந்தார்.

"இருபத்தாறாம் தேதிதானே மனு கொடுத்தீங்க? ஏன் தாமதம்?"

"படம் கேமராவுலயே கிடந்தது, மேடம். தேதி அதுலயே இருக்கே."

"ரெண்டும் ஒரே பறவையா?"

"சந்தேகமே வேணாம். அலகு நுனியில அதே கீறல். என் படம் சுத்தமா இருக்கு. அவங்களோடது இறக்கையில பல்லு விழுந்த பறவை."

செயலாளர் லென்ஸைக் கீழே வைத்தார்.

"விழுந்த பல்லு முளைக்கணும்ல, சார்? பத்தாம் தேதி முழுசா இருந்த இறகு உதிர்ந்து, ரெண்டே நாள்ல பாதி முளைச்சிடுமா? அதுக்கு ஒரு வாரத்துக்கு மேல ஆகும். பன்னிரண்டுல பாதி, அப்புறம்தான் முழுசு. இவ போன்ல இடம் சொன்னா. நீங்க சாவகாசமாப் போய்ப் படம் எடுத்துட்டு, கேமரா தேதியைப் பத்துன்னு மாத்தி வச்சீங்க."

பேராசிரியரின் முகம் செத்துப்போனது. பிறகு சிரித்தார்.

"சரி, என் மனுவை வாபஸ் வாங்கிக்கிறேன். அப்ப இவளுக்கு ஒரே சாட்சி. மூணாவதும் போச்சு."

இனி வேறு சாட்சி தேட நர்ஸுக்கு வழியில்லை. பறவை எப்போதோ பறந்துவிட்டது.

செயலாளர் விதிப்புத்தகத்தைத் திருப்பி அவர் முன் தள்ளினார்.

"ஏழாவது விதி. கொடுத்த மனுவைத் திரும்பத் தர்றதில்ல. தப்பைத் திருத்த மட்டும்தான் முடியும். இந்த விதியைக் கொண்டுவந்தது யாரு? போன வருஷம் நீங்கதான், இவ மனுவைத் திருப்பிக் கேட்டப்ப."

பேனாவை நீட்டினார்.

"படம் நிஜம், தேதிதான் பொய். நிஜத் தேதியை எழுதுங்க, சார். இவளுக்கு ரெண்டாவது சாட்சி வேணும்."

11.05. பேராசிரியர் எழுதினார்: இருபத்துநான்கு.