வெளிச்சத்தைப் பார்த்துத் திரும்பு

அந்த மதியம் அந்த வீட்டில் இருந்தவர்கள்:

வீட்டுக்காரர். ஒரு கிடங்கில் இரவுக் காவலாளி. மனைவி இறந்து மூன்று வருடம்.

அவருடைய அக்கா. மறுநாள் காலையில் குழந்தையைத் தன்னோடு அழைத்துப்போக வந்திருந்தவர்.

குழந்தை. ஏழு வயது. குருவி என்று கூப்பிட்டார்கள்.

நான். குழந்தைகளின் முகத்தை எண்ணெய் வண்ணத்தில் வரைந்து கொடுப்பவன்.

நாலு பேர். பிறகு யார் கேட்டாலும் என் எண்ணிக்கை மாறக்கூடாது என்பதற்காக முதலிலேயே எழுதிவைக்கிறேன்.

மூன்றாவது மாடி. நடைவழியின் கடைசிக் கதவு. திறந்தால் ஒரே அறை, நடுவில் கட்டில். வலப்பக்கம் ஒரு ஜன்னல், இடப்பக்கம் வெறும் சுவர். பின்னால், ஜன்னல் பக்கமாக, ஆள் திரும்ப முடியாத சமையலறை. ஜன்னலுக்குத் தடித்த கறுப்புத் துணி அடித்திருந்தது. அக்கா அதை ஒதுக்கி முடிச்சுப் போட்டிருந்தார். துணியைப் பார்த்ததுமே வீட்டுக்காரரின் வாழ்க்கை எனக்குத் தெரிந்துவிட்டது. நானும் ஆறு வருடம் இரவு வேலை பார்த்து, பிறகு அதை விட்டவன். பகலில் தூங்குகிறவனுக்கு ஜன்னல் கிடையாது. அவன் கூட இருப்பவர்களுக்கும் கிடையாது.

"நாளைக்கு இவ போயிடுவா சார்," என்றார் வீட்டுக்காரர். "கட்டிலுக்கு எதிர்ல ஒரு படம் மாட்டிக்கணும். கண்ணு முழிச்சா இவ மூஞ்சி தெரியணும்."

"ஞாயித்துக்கிழமை வந்து நேர்லயே பாரேன்டா," என்றார் அக்கா, பைக்குள் குழந்தையின் துணிகளைத் திணித்துக்கொண்டே.

"ஞாயிறும் டியூட்டிதான்க்கா."

"உனக்கு ஞாயிறு எது, திங்கள் எதுன்னே தெரியாது. அதனாலதான் கூட்டிட்டுப் போறேன். ஸ்கூல் விட்டு மத்தியானம் வந்தா, இருட்டுல உக்காந்து நீ குறட்டை விடறதைக் கேட்டுக்கிட்டு இருக்கா. புள்ளையா, பூனையா?"

வீட்டுக்காரர் போனை என்னிடம் நீட்டினார். நானூற்றுப் பன்னிரண்டு படங்கள்.

படம் வரைவதைவிட, எந்தப் புகைப்படத்தைப் பார்த்து வரைவது என்று பொறுக்குவதுதான் கடினம். அதில் தவறினால் எத்தனை மாதம் வரைந்தாலும் பொம்மைதான் வரும். நான் ஒவ்வொன்றாகத் தள்ளினேன்.

"இது ஏன் சார் வேணாம்? நல்லாத்தானே சிரிக்கிறா?"

"நீங்க சிரி சிரின்னு சொல்லி சிரிச்சது. பல்லு சிரிக்குது, கண்ணு சிரிக்கல."

"இது?"

"ஃபிளாஷ் போட்டிருக்கீங்க. மூஞ்சி சுண்ணாம்பு அடிச்ச சுவர் மாதிரி இருக்கு. நிழல் இருந்தாத்தான் மூக்கு இருக்கு, கன்னம் இருக்குன்னு தெரியும்."

"சரி, இது?"

"நின்னுக்கிட்டு எடுத்தது. தலை பூசணிக்கா, காலு தீக்குச்சி. குழந்தையை எடுக்கணும்னா நாம குனிஞ்சு, அது கண்ணு உயரத்துக்குப் போகணும்."

"இவன் என்னிக்குக் குனிஞ்சான்?" என்றார் அக்கா.

நானூற்றுப் பன்னிரண்டும் போயிற்று. வீட்டுக்காரரின் முகம் சுருங்கியது. மகளை ஒரு தடவைகூடச் சரியாகப் பார்த்ததில்லை என்று நான் சொன்னதைப் போல ஆகிவிட்டது. ஒருவகையில் அதைத்தான் சொன்னேன்.

வேறு படம் இருக்கிறதா என்று கேட்டேன். கட்டிலில் உட்கார்ந்திருந்த குருவி தலையணைக்கு அடியிலிருந்து ஒரு பழைய போனை எடுத்துக் கொடுத்தாள். கண்ணாடி கீறல் விழுந்தது, பேச உதவாது, விளையாடக் கொடுத்தது.

அதில் பதினோரு படங்கள் இருந்தன.

இந்தத் தொழிலில் அப்படிப் பதினோரு படங்களை நான் பார்த்ததில்லை. சரியாக அவள் கண் உயரம். ஒரு பக்கத்திலிருந்து வரும் மென்மையான, அகலமான வெளிச்சம். மூக்கின் நிழல் கன்னத்தில் மெல்லப் படிந்திருந்தது. எல்லாவற்றையும்விட, அந்தக் கண்கள். எடுக்கிறவர் மேல் உயிரையே வைத்திருக்கும் குழந்தை பார்க்கும் பார்வை.

"இப்படி எடுக்கத் தெரிஞ்சவர் எதுக்கு அந்த நானூறைக் காட்டினீங்க?" என்றேன்.

"நான் எடுக்கல சார். அக்கா எடுத்திருக்கும்."

"எனக்கு அந்தப் போனைத் திறக்கவே தெரியாது. நீ எடுத்துட்டு மறந்திருப்ப."

எடுத்த நேரங்களைப் பார்த்தேன். எல்லாம் மதியம் இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில். வெவ்வேறு நாட்கள். குருவி தானே எடுத்ததும் இல்லை. இரண்டு கையும் மடியில் இருந்தன.

ஏழாவது படத்தின் ஓரத்தில், போர்வைக்கு வெளியே ஒரு கால் நீண்டிருந்தது. பெருவிரல் நகம் கறுத்திருந்தது.

வீட்டுக்காரர் குனிந்து தன் காலைப் பார்த்தார். பிறகு படத்தைப் பார்த்தார்.

"இது என் காலு," என்றார்.

"பக்கத்து வீட்டுப் பொடிசு எதாவது வந்து எடுத்திருக்கும். விடு," என்றார் அக்கா. ஆனால் துணி மடிப்பதை நிறுத்தியிருந்தார்.

வீட்டுக்காரர் தேநீர் போடுகிறேன் என்று சமையலறைக்குப் போனார். போக ஓர் இடம் வேண்டும், அவ்வளவுதான்.

நான் மறுபடி படங்களைப் பார்த்தேன். அப்போதுதான் உறைத்தது. பதினோரு படத்திலும் அவளுக்குப் பின்னால் ஜன்னல் தெரிந்தது. அதில் கறுப்புத் துணி இழுத்து மூடியிருந்தது.

அப்படியானால் வெளிச்சம் எதிர்ப்பக்கத்திலிருந்து வந்திருக்க வேண்டும். எதிர்ப்பக்கம் சுவர்.

எழுந்து போய்ச் சுவரைத் தொட்டேன். சுவர்தான். மதிய வெயில் நேரத்துக்குக் கொஞ்சம் அதிகமாகவே குளிர்ந்திருந்தது. விளக்கு இல்லை, விளக்கு மாட்டிய தடமும் இல்லை. பூட்டிக் கிடந்த அறையைத் திறந்தால் வருமே, அந்த வாடை மட்டும் லேசாக.

முகம் வரைகிறவன் கண்மணியில் விழும் வெள்ளைப் புள்ளியைத்தான் கடைசியில் வைப்பான். அது இல்லாவிட்டால் பிணத்தின் கண். அதனால் எந்தப் படமானாலும் கண்ணைப் பெரிதாக்கிப் பார்ப்பது என் பழக்கம். பெரிதாக்கினேன்.

புள்ளி இல்லை. வெள்ளையாக ஒரு சதுரம். கதவு திறந்தது போல.

சதுரத்தின் நடுவில் ஒரு தலை.

இன்னொரு படத்தைப் பெரிதாக்கினேன். இன்னொன்றை. எல்லாவற்றிலும் அதே சதுரம், அதே தலை. குருவியின் உயரம்தான் இருக்கும். முதல் படத்தில் தலை மட்டும் தெரிந்தது. கடைசிப் படத்தில் கை தெரிந்தது. கை அவள் பக்கம் நீண்டிருந்தது.

யாரிடமும் காட்டவில்லை. என்ன செய்வதென்று தெரியாதபோது கை பழகிய வேலையைச் செய்யும். கேமராவை எடுத்தேன். கட்டிலுக்குப் பக்கத்தில் மண்டி போட்டு அவள் கண் உயரத்துக்கு வந்தேன். ஜன்னல் திறந்திருக்கிறது, நாமே நாலு படம் எடுத்துக்கொள்வோம், அந்தப் பதினொன்றும் வேண்டாம் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

எல்லாக் குழந்தைகளிடமும் சொல்வதைத்தான் சொன்னேன்.

"வெளிச்சத்தைப் பாத்துத் திரும்பு, கண்ணு."

அவள் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி, சுவரைப் பார்த்துத் திரும்பினாள்.

முகம் இருண்டிருக்க வேண்டும்.

இருளவில்லை.

நெற்றி, கன்னம், உதடு என்று ஒவ்வொன்றாக ஒளி ஏறியது. மூக்கின் நிழல் ஜன்னல் பக்கம் விழுந்தது. நான் சுவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை.

"அங்க யாரு, குருவி?" என்று கிசுகிசுத்தேன்.

"அதுதான்."

குழந்தைகள் பூனையையும் அது என்பார்கள், கைக்குழந்தையையும் அது என்பார்கள். எதைச் சொல்கிறாள் என்று நான் கேட்கவில்லை.

"அப்பா தூங்கறப்ப வரும். நாளைக்கு நான் அத்தை வீட்டுக்குப் போனா அது தனியா இருக்கணும். முன்னாடி ரொம்ப நாள் தனியா இருந்துச்சாம். அதனால நான் போகல. அதுகூடப் போறேன்."

"எங்க?"

விரலைச் சுவரை நோக்கி நீட்டினாள்.

அக்காவின் கையிலிருந்த சட்டை தரையில் விழுந்தது. நீட்டிய விரலின் மேலும் வெளிச்சம் விழுந்ததை அவரும் பார்த்துவிட்டார்.

சமையலறை வாசலில் வீட்டுக்காரர் இரண்டு டம்ளரோடு நின்றிருந்தார். அவருக்கு அங்கிருந்து மகளின் முதுகு மட்டும்தான் தெரியும். குழந்தை போகமாட்டேன் என்று அடம்பிடிக்கிறது, அதைச் சமாளிக்க வேண்டும். அதற்கு எல்லா அப்பாக்களும் செய்வதையே அவரும் செய்தார்.

"நீ போ குருவி," என்றார் சிரித்தபடி. "அதுக்குத் துணையா நான் இருக்கேன்."

"நெஜமா?"

"நெஜமா."

"நீ தூங்கிடுவியே."

"தூங்க மாட்டேன். அதுகூட இருப்பேன். போதுமா?"

அவள் சுவரைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் இருந்தாள். யாரோ யோசித்துப் பதில் சொல்லும்வரை காத்திருப்பது போல.

பிறகு, "சரியாம்," என்றாள்.

முகத்தில் இருந்த ஒளி அணைந்தது. இறங்கிப் போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு அக்கா மறுநாள் வரை காத்திருக்கவில்லை. பையை இழுத்து மூடினார். குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டார், ஏழு வயதுக் குழந்தையை. "டேய், நீயும் வாடா," என்றார். குரல் உடைந்திருந்தது.

"என்னக்கா நீ? எட்டு மணிக்கு டியூட்டி. ரெண்டு மணி நேரம் கண்ணை மூடலன்னா நின்னுக்கிட்டே விழுந்துடுவேன்."

படிக்கட்டில் நான் வீட்டுக்காரரின் கையைப் பிடித்தேன். "இன்னிக்கு வேற எங்கயாவது படுத்துக்குங்க."

"வேற எங்க சார் போறது?"

கேள்வி சாதாரணமானது. என் வீட்டில் நான் ஒருவன்தான். ஒரு கட்டில் காலியாகக் கிடந்தது. நான் சொல்லவில்லை.

கீழே வண்டியில் பைகளை ஏற்றியதும், குருவியின் பொம்மைகள் இருந்த அட்டைப்பெட்டிக்கு இடம் இல்லை என்று ஆகிவிட்டது. "அப்புறம் அனுப்புறேன்க்கா," என்று வீட்டுக்காரர் அதை வாங்கிக்கொண்டார். வண்டி நகர்ந்தது. குருவி கை அசைத்தாள். அப்பாவுக்கு ஒரு தடவை. பிறகு மூன்றாவது மாடிக்கு ஒரு தடவை.

அவர் படியேறினார். என் கேமராப் பை நடைவழியில் செருப்புகளுக்குப் பக்கத்தில் இருந்தது. அதை எடுக்க நானும் பின்னால் போனேன். ஏறும்போது படம் எப்போது கிடைக்கும் என்று மட்டும் கேட்டார். ஒரு மாதம் என்றேன்.

திறந்து கிடந்த கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு உள்ளே நுழைந்தார். இரண்டு கையிலும் பெட்டி, நெஞ்சோடு அணைத்தபடி. இரண்டு அடி வைத்து நின்றார்.

அவருடைய இடது கன்னத்தில் வெளிச்சம் விழுந்தது.

அவர் அந்தப் பக்கம் திரும்பினார். தூக்கம் தின்ற அந்த முகத்தில் சுருக்கம் ஒவ்வொன்றாகக் கலைந்தது. கண்ணில் அந்தப் பார்வை வந்தது, பதினோரு படத்திலும் இருந்த பார்வை.

"வந்துட்டேன்," என்றார் மெதுவாக.

நான் அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். அவர் திரும்பவில்லை. பெட்டியைக் கீழே வைக்கவும் இல்லை.

அவருக்குப் பின்னால் கதவு சாத்திக்கொண்டது. உள்ளே பூட்டு திரும்பியது.