பின்னாலேயே இன்னொரு வண்டி

புத்தாண்டு அன்று காலை ஒன்பது மணிக்கெல்லாம் நோரிஸ் டாப்பிங் பணிமனை வாசலில் வந்து நின்றுவிட்டார். லண்டனின் தெற்கு ஓரத்தில், ஹேஸல்டன் என்கிற அந்தப் புறநகரில், ஆண்டுக்கு ஒருநாள் பழைய சிவப்பு மாடிப் பேருந்துகளைத் துடைத்தெடுத்து, அவை அந்தக் காலத்தில் ஓடிய தடங்களிலேயே ஓட்டுவார்கள். நோட்டும் கேமராவும் தேநீர்க் குடுவையுமாகப் பெரியவர்கள் கூட்டம் கூட்டமாக வந்து ஏறுவார்கள்.

நோரிஸ் இளம் வயதில் நிஜமாகவே அப்படி ஒரு தடத்தில் கண்டக்டராக இருந்தவர். ஆனால் இந்த ஓட்டத்தை நடத்தும் பழைய பேருந்துச் சங்கத்தில் ஆறு வருடமாக அவருக்குக் கொடுத்த வேலை, ஆரஞ்சுச் சட்டையைப் போட்டுக்கொண்டு கார்களுக்கு இடம் காட்டுவது. இந்த வருடம் வழக்கமான கண்டக்டருக்குக் காய்ச்சல். டிரைவர் க்ளெனிஸ்தான் யாருக்கு எந்த வண்டி என்று பட்டியல் போடுகிறவள்.

"இன்னிக்கு ஒழுங்கா வேலை பாத்துக் காட்டு நோரிஸ். அப்புறம் வருஷா வருஷம் நீதான்" என்றாள்.

அறுபத்தொன்பது வயது மனிதருக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்? சீருடையை முதல்நாளே இரண்டு தடவை தேய்த்து வைத்திருந்தார்.

அந்த வண்டிகளில் டிரைவர் முன்னால் தனிக் கூண்டில் இருப்பார். பின்னால் நடப்பது எதுவும் அவருக்குத் தெரியாது. கீழ்த்தளத்துக் கூரையோரம் ஓடும் கயிற்றைக் கண்டக்டர் இழுத்தால் மணி கேட்கும், அவ்வளவுதான். ஒன்று அடித்தால் நிறுத்து. இரண்டு அடித்தால் கிளம்பு. மூன்று அடித்தால் வண்டி நிறைந்துவிட்டது, வழியில் யார் கைகாட்டினாலும் நிற்காதே.

முதல் நடை ஃபாக்ஸ் நிறுத்தம் வரைக்கும் அமர்க்களமாகப் போயிற்று. ஃபாக்ஸ் என்ற மதுக்கடை எப்போதோ அடுக்குமாடி வீடாகிவிட்டது, நிறுத்தத்துக்குப் பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அங்கே தூறலில் ஏழெட்டுப் பேர் கையை நீட்டினார்கள்.

டிங். டிங். டிங்.

வண்டி நிற்காமல் போய்விட்டது.

கடைசி நிறுத்தத்தில் க்ளெனிஸ் இறங்கி வந்து பிடித்துக்கொண்டாள். "பாதி சீட்டு காலியா கெடக்கு. எதுக்குய்யா மூணு அடிச்ச?"

"நான் அடிக்கலம்மா."

"பின்ன யாரு, உங்க தாத்தாவா?"

திரும்பும் நடையிலும் அதே இடத்தில் அதே மூன்று மணி. மழையில் நின்றவர்கள் சங்கத்துக்கே போன் போட்டுத் திட்டினார்கள். நோரிஸுக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது. ஆறு வருடம் காத்திருந்து கிடைத்த நாள், இப்படிக் கண்ணெதிரே நாசமாகப் போகிறதே!

இரண்டாம் நடையில் ஃபாக்ஸ் நெருங்கும்போது இரண்டு கைகளையும் கால்சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டு, கயிற்றையே பார்த்தபடி நின்றார்.

கயிறு தொய்ந்தது. யாரோ எட்டிப் பிடித்த மாதிரி.

டிங். டிங். டிங்.

நனைந்த கம்பளிக் கோட்டின் வாடை பக்கத்திலேயே அடித்தது.

அந்த வாடையில்தான் அவருக்கு எல்லாம் நினைவு வந்தது. உண்மையைச் சொன்னால், மறந்தே இருக்கவில்லை, எடுத்துப் பார்க்காமல் வைத்திருந்தார். எழுபத்தொன்பதாம் வருடப் புத்தாண்டு. முழங்கால் வரை பனி. பணி முடிந்ததும் ஒரு பெண்ணோடு சினிமா போக வேண்டிய அவசரம். வண்டியில் பதினொரு சீட்டு காலி. இருந்தும் ஃபாக்ஸில் நிற்க வேண்டாமென்று மூன்று தடவை மணி அடித்தார். பழுப்புக் கோட்டுப் போட்ட ஒரு பெண்மணி ஓடிவந்து, "மருத்துவமனைக்குப் போகணும் தம்பி, அவரைப் பாக்க விடற நேரம் முடிஞ்சிடும்" என்று கத்தினாள். அவர் படிக்கட்டில் நின்றபடி உள்ளங்கையைக் காட்டி, எல்லாக் கண்டக்டரும் சொல்கிற பொய்யைச் சொன்னார். "பின்னாலயே இன்னொரு வண்டி வருதும்மா."

எந்த வண்டியும் வரவில்லை. அவள் நடந்திருக்கிறாள். மறுநாள் ரயில் பாலத்தடியில் பனிக்குள்ளிருந்து அவள் உடலை எடுத்தார்கள். இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

மூன்றாவது நடை கிளம்பும்போது மணி மூன்றரை. வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. கூண்டு ஜன்னலடியில் போய் நின்றார்.

"க்ளெனிஸ், எந்த மணி கேட்டாலும் சரி, ஃபாக்ஸ்ல நிறுத்திடு."

"மணி அடிக்கறதே நீதானய்யா! இதான் கடைசி. இன்னொரு தடவ சொதப்பினா அடுத்த வருஷம் திரும்பக் கார் நிறுத்தப் போயிடு."

ஃபாக்ஸ் நெருங்கியதும் மணி மூன்று தடவை அடித்தது. க்ளெனிஸ் அதைப் பொருட்படுத்தாமல் நிறுத்தினாள். பயணிகளெல்லாம் மாடியில் இருந்தார்கள், கீழே ஒருவருமில்லை. நிறுத்தத்திலும் ஒருவருமில்லை.

நோரிஸ் இறங்கினார். மன்னிப்புக் கேட்பதாக எண்ணம். காலி நடைபாதையைப் பார்த்து, "அம்மா, தப்புதான். ஏறிக்கங்க" என்றார்.

வாடை அவரைக் கடந்து போயிற்று.

அவருக்குப் பின்னால், டிங், டிங்.

வண்டி நகர்ந்தது. ஓடினார். எழுபதை நெருங்கிய கால் எவ்வளவு ஓடும்? கைப்பிடிக் கம்பிக்கும் அவர் விரலுக்கும் ஒரு முழம் இருந்தது. அந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டு பழுப்புக் கோட்டில் ஒருத்தி நின்றாள். கோட்டின் ஓரம் சொட்டிக்கொண்டிருந்தது. உள்ளங்கையைக் காட்டினாள்.

"பின்னாலயே இன்னொரு வண்டி வருது, தம்பி."

அவருடைய கோட்டும் போனும் அந்த வண்டியின் மாடிப்படிக்குக் கீழே இருந்தன.

இன்னொரு வண்டி வரத்தான் செய்தது. சங்கத்தின் வண்டி, கைகாட்டினார். மூன்று மணி. நிற்கவில்லை. அதற்கும் பின்னால் கடைசி வண்டி. மறுபடி மூன்று. அதன் கண்டக்டர் படிக்கட்டில் நின்று, "நான் அடிக்கல நோரிஸ்! சத்தியமா நான் அடிக்கல!" என்று கத்திக்கொண்டே போனான்.

"நிறுத்துங்கடா!" என்று தொண்டை கிழியக் கத்தினார். தூறல் பனியாக மாறியிருந்தது. தெருவில் ஒரு கதவும் திறக்கவில்லை.

ஐந்து மணிக்கு வழக்கமான நகரப் பேருந்து வந்தது. இந்தக் காலத்து வண்டி. கண்டக்டர் கிடையாது, கயிறு கிடையாது. உள்ளே விளக்கு பளிச்சென்று எரிந்தது, சீட்டெல்லாம் காலி. நோரிஸ் சாலையிலேயே இறங்கி இரண்டு கையையும் ஆட்டினார். டிரைவர் அவரைப் பார்த்தார். வருத்தத்தோடு தலையை அசைத்துவிட்டு, விலகிப் போய்விட்டார்.

போகும்போது அந்த வண்டிக்குள்ளிருந்து மூன்று தடவை மணி கேட்டது.

நோரிஸ் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு சட்டைக் கழுத்தை இழுத்து மூடிக்கொண்டு நடக்கத் தொடங்கினார். வீட்டுக்கு இருப்பது ஒரே வழி, அது ரயில் பாலத்தடியாகத்தான் போகிறது.